தைவான் பாடகி டெரசா டெங்: மனசை விட்டுப் போகாத பாட்டு, காட்சி எதுவானாலும் எழுதுங்க

மலைக்கப்பால்
டெரசாவோட ஹேப்பி வேலி காணொளியைப் பார்க்காதவங்க இங்கே யாரும் இருக்க மாட்டீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். 1989 மே 27. ஜனநாயகம் கேட்டுப் போராடின பெய்ஜிங் மாணவர்களுக்கு ஆதரவா ஹாங்காங்கோட ஹேப்பி வேலி குதிரைப் பந்தய மைதானத்துல பன்னிரண்டு மணி நேரக் கச்சேரி. பளபளக்கும் மேடை உடுப்பு எதுவும் இல்லை. நெத்தியில துணிப்பட்டை, கறுப்புக் கண்ணாடி, கழுத்துல முழக்க அட்டை. அப்படியே வந்து நின்னு, ‘மலைக்கு அந்தப் பக்கம் என் வீடு’ங்கற பழைய பாட்டைப் பாடினார். அப்பா பெருநிலச் சீனாவோட ஹெபெய்க்காரர், அம்மாவும் அங்கேதான், ஷான்டாங். மகள் பிறந்தது 1953-ல தைவான் யுன்லின் மாவட்டத்துல. பெருநிலச் சீனாவுல அவர் கடைசிவரை ஒரு மேடைகூட ஏறலை. அந்தக் கச்சேரி முடிஞ்ச எட்டாம் நாள் ஜூன் 4, தியானன்மென்ல ராணுவம் போராட்டத்தை நசுக்கின நாள். அதோட அவர் அங்கே போய்ப் பாடற பேச்சே முடிஞ்சது. சும்மா “தேன் குரல், தேன் குரல்”னு எழுதறவங்க இதை ஒரு தடவை கேட்டுட்டு எழுதுங்க.

டேப்_டெக்
மேடை ஏறாட்டி என்ன, கேசட் ஏறிடுச்சே. “பகல்ல பெரிய டெங், ராத்திரி சின்ன டெங்”னு அப்போ சீனாவுல சொல்லுவாங்க. சீனத் தலைவர் டெங் சியோபிங்குக்கும் இவருக்கும் ஒரே குடும்பப்பெயர். சீரழிவுப் பாட்டுன்னு அரசு தடை போட்டும் நகல் மேல நகலா ஊர் முழுக்கப் போச்சு. தைவான் பக்கமும் சும்மா இல்லை. சீனக் கரைக்கு எதிர்ல இருக்கற தைவானோட கின்மென் தீவுல, அந்தப் பக்கம் கேக்கறதுக்காக 1967-ல கட்டின பெய்ஷான் ஒலிபரப்புச் சுவர்ல 48 ஒலிபெருக்கி, 25 கிலோமீட்டர் வரை எட்டும். டெரசா குரல் அதுலயும் போனது.

போன வாரம் ஒருத்தர் “டெரசாவுக்குக் கனமான குரல்”னு எழுதியிருந்தார். ஐயா, அது குரல் இல்லை, உங்க கேசட் டெக். கேசட் ஓட வேண்டிய வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. டேப்பை ஓட்டற ரப்பர் பெல்ட் தளர்ந்து 6 சதவீதம் குறைஞ்சா சுருதி அரை ஸ்வரம் இறங்கிடும். அடுத்தது டேப்பைப் படிக்கிற ஹெட். அது கொஞ்சம் சாய்ஞ்சிருந்தாலும் ‘ஸ்’, ‘ஷ்’ எல்லாம் மழுங்கும்; மாண்டரின்ல அந்த ஒலிகள்தான் பாதி. முதல்ல பெல்ட்டை மாத்துங்க. அப்புறம் ஹெட் பக்கத்துல இருக்கற சின்ன திருகை, டேப் ஓடும்போதே, கால் சுத்துக்கும் குறைவா அப்படி இப்படித் திருப்புங்க. மோனோவுல, அதாவது ரெண்டு பக்க ஒலியையும் ஒண்ணாக்கி, வெச்சுக் கேட்டா ‘ஸ்’ எங்கே கூர்மையா வருதோ அங்கே நிறுத்தணும். நகலுக்கு நகல் எடுத்த டேப்னா இதுவும் உதவாது. இரைச்சல் ஏற்கனவே பதிவுக்குள்ளயே உட்கார்ந்திருக்கும்.

ஹனேதா
கேசட் ரிப்பேர் கடைக்கு வந்துட்டேனோன்னு பார்த்தேன். எனக்கு உறுத்தற விஷயம் 1979 பிப்ரவரி. இந்தோனேசியக் கடவுச்சீட்டோட ஜப்பான்ல இறங்கி மாட்டினார். ஜப்பான் 1972-லயே தைவானோட தூதரக உறவை முறிச்சிடுச்சு. அதுக்கப்புறம் தைவான் கடவுச்சீட்டை வெச்சு நாடு நாடாகப் போறது பெரிய அலைச்சல். பிடிச்சு வெச்சு, திருப்பி அனுப்பி, ஒரு வருஷம் நுழையத் தடை. 1974-ல சிறந்த புதுப் பாடகி விருது குடுத்த அதே நாடு. திரும்பிப் போய் 1984, 85, 86 மூணு வருஷமும் கேபிள் ஒலிபரப்பு விருதுல முதல் பரிசை வரிசையா வாங்கினார். மூணு பாட்டுக்கும் வரி அராகி தோயோஹிசா, மெட்டு மிகி தகாஷி. இதுல 86-ம் வருஷப் பாட்டோட மாண்டரின் வடிவம்தான் நீங்க எல்லாரும் உருகற ‘வோ ஜ்ர் சாய் ஹு நீ’.

காற்றுவழி
டெரசா ஒற்றர், அவர் சாவுல சதின்னு இங்கே யாராவது கதையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்: அவர் இறந்தது 1995 மே 8, தாய்லாந்தின் சியாங் மாய், ஆஸ்துமா. வயசு 42. சதி எதுவும் தேவையில்லை, இந்த நோய்க்கு இது போதும். மூச்சை உடனே திறக்கிற இன்ஹேலரை மட்டும் நம்பினா மூச்சுக்குழாயோட அழற்சி உள்ளேயே வளரும். மூச்சு சரியான மாதிரி இருக்கறதால மருத்துவர்கிட்டப் போகவும் தோணாது. வருஷத்துக்கு 200 டோஸ் குப்பி மூணு காலியானாலே அது எச்சரிக்கை. தினம் எடுக்கிற ஸ்டீராய்ட் இன்ஹேலர்தான் காப்பு. எடுத்த பிறகு வாய் கொப்பளிங்க.

கீழ்ப்பஞ்சமம்
அறிவுரைக் கடை திறந்தாச்சு, நானும் ஒண்ணு வைக்கிறேன். ‘யுவே லியாங்’ நிலாப் பாட்டு முதல்ல அவரோடது இல்லை. 1973-ல சென் ஃபென்-லான் பாடினது. டெரசா பாடினது 1977-ல. அவரோட இன்னொரு பாட்டு ‘தியான் மி மி’ மெட்டும் இந்தோனேசியப் படகுப் பாட்டிலிருந்து வந்தது. ஆனா இப்போ வேற யார் பாடினாலும் அவரோட ஒப்பிட்டுத்தான் கேக்கறோம், இல்லையா?

நம்ம ஆட்கள் நிலாப் பாட்டைக் கெடுக்கிற இடம் முதல் வரிதான். கீழ் ப-வுல எடுத்து ஸ க ப, பிறகு ஸ-வுக்கு இறங்கி, கீழ் நி, அங்கேருந்து க ப. சங்கராபரணம் பழகின தொண்டை அந்த நி-யை ஸ-வோட ஒட்டி ஆட்டிடும். ஆட்டாதீங்க. நி தனியா, அசையாம நிக்கணும். அடுத்த க-வுக்கு வழுக்காமத் தாவணும். கரோக்கியில கீழ் ப எட்டலைன்னா சுருதியை ஒண்ணு ரெண்டு ஏத்துங்க, அழுத்தித் தள்ளாதீங்க. மைக் வாயிலிருந்து நாலு விரல் தூரம், கொஞ்சம் பக்கவாட்டுல. எக்கோவைப் பாதியாக் குறைங்க. அவர் வரி முடிவுல காத்தை விடற அழகு அதுல கரைஞ்சு போயிடும்.

மலைக்கப்பால்
நான் கேட்டது காட்சி, நீங்க குடுத்தது பெல்ட்டும் இன்ஹேலரும். சரி, ஜின்பாவ்ஷான் மலையில இருக்கற டெரசா சமாதிக்குப் போறவங்களுக்கு என் பங்கு: தைப்பேயிலிருந்து ஜின்ஷான் வரை பேருந்து, அங்கேருந்து மலைக்கு டாக்சி. டாக்சியைக் காத்திருக்கச் சொல்லுங்க, திரும்ப வண்டி கிடைக்கிறது கஷ்டம். தரையில இருக்கற பெரிய பியானோ கட்டைகளைக் காலால மிதிச்சா ஸ்வரம் வரும். கீழ்ப்பஞ்சமம் சார், அங்கே போய் நி-யை மிதிச்சுக் காட்டுங்க, ஆடாம நிக்குதான்னு பார்க்கலாம்.