‘கயிறு சேர்’ ஓய்வு பெறுகிறார்: அவரோடு உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

கல்லடியிலிருந்து:

எங்கள் கணித ஆசிரியரும் ஓட்டப் பயிற்சியாளருமான சேருக்கு அடுத்த மாதம் 60 வயது முடிகிறது. அதோடு பள்ளிக்கூட வேலையும் முடிகிறது. பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். மட்டக்களப்பில் ஸ்பைக்ஸ் (ஆணிச் சப்பாத்து) போட்டவர்களுக்கும், ஸ்பைக்ஸ் இல்லாமல் ஓடியவர்களுக்கும் ‘கயிறு சேர்’ என்றால் போதும். அவரோடு உங்களுக்கு நடந்தது எதுவென்றாலும் கீழே எழுதுங்கள். கோபம் இருந்தால் அதையும் எழுதலாம், சேர் வாசிக்கப் போவதில்லை. அவருடைய போன் பட்டன் போன்.

நான் தொடங்கி வைக்கிறேன். 1996 ஜனவரி, ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் கிழமை. வெள்ளண மைதானத்துக்குப் போனால் நடுவில் ஒரு ஆள் முழங்காலில் நிற்கிறார். கையில் ஒரு சுருள். என்னைப் பார்த்ததும், “மனே, இந்தத் தலைப்பப் பிடி. இழுக்காத, விடவும் விடாத” என்றார். அரை மணித்தியாலம் பிடித்தேன். அவர் மறு தலைப்போடு வளைவில் சுற்றி நடந்து சின்னச் சின்னத் தடியாக ஊன்றிக்கொண்டு போனார். பள்ளிக்கூட இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்கு அவர் மைதானம் அளக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பிடித்த பிள்ளைக்குக் கூலி ஒரு சுண்டு அவித்த கடலை.

ஒரு திருத்தம்: அது கயிறே இல்லை. பழைய மின்கம்பி. தென்னங்கயிறு பனியில் நனைந்தால் சுருங்கும், நைலோன் இழுபடும் என்று சேர் கம்பிக்கு மாறிவிட்டார். பட்டம் மட்டும் மாறவில்லை.

அவர் கணித ஆசிரியராக வந்தவர். முதலில் தொண்டர் ஆசிரியர், பிறகு நிரந்தரம். மெய்வல்லுநர் (ஓட்டம், பாய்தல், எறிதல்) பயிற்சி யாரும் அவருக்குக் கொடுத்த வேலையில்லை, அவராக எடுத்துக்கொண்டது. அவரும் 400 மீற்றர் ஓடியவர்தான். கொழும்பில் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்த வருடம் 1990. ஜூனில் சண்டை மூண்டது. அதோடு சரி. இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை, ரீச்சர் (சேருடைய மனைவி) சொன்னது.

மண்டூரிலிருந்து:

நான் ஈட்டி எறிந்தவள். எங்கள் ஊர்த் துறையில் பாலம் இல்லை. குருமண்வெளித் துறைக்குப் போகும் ஓடப்பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறித்தான் இக்கரைக்கு வருவோம். இன்றைக்கும் அந்தப் பாதை ஓடுகிறது.

சேர் என்னைக் கண்டது மைதானத்தில் இல்லை, வயலில். யாரோ கூட்டாளியின் வீட்டுக்கு வந்தவர் வரம்பில் நின்று பார்த்திருக்கிறார். மாடு பயிருக்குள் இறங்க, நான் கையிலிருந்த கம்பை எறிந்தேன். மாட்டுக்குப் படவில்லை. சேர் அந்தக் கம்பு விழுந்த இடம் வரைக்கும் காலடி வைத்து எண்ணிக்கொண்டு போனார். யாரோ பைத்தியக்காரன் என்று நினைத்து நான் வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் முற்றத்தில் சைக்கிள் நிற்கிறது. அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டா: “வயசுக்கு வந்த புள்ள, சேர்.” சேர் ஒன்றும் வாதாடவில்லை. தேத்தண்ணி குடித்தார், நெல் விலை கதைத்தார், போனார். இரண்டாம் தரம் ரீச்சரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்றாம் தரம் வாவி மீன் குழம்போடு சோறு சாப்பிட்டார். அன்றைக்கும் விளையாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாலாம் தரம் அம்மாவே கேட்டா, “காற்சட்டைதான் போடோணுமா சேர்?” நீளக் காற்சட்டை போடலாம், எந்த விதியும் தடுக்காது என்றார். அப்பா கடைசி வரைக்கும் ஓம் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அது போதுமாயிருந்தது.

முதல் ஈட்டி மூங்கில். நுனியில் இரும்புப் பூண். பெண்களின் ஈட்டி 600 கிராம் என்பதால் கடையில் தராசில் வைத்து, கூடினால் சீவி, குறைந்தால் கம்பி சுற்றி, நிறையைச் சரியாக்கித் தந்தார். தராசு வைத்திருந்த கடைக்காரர், “சேர், இது மீன் குத்தவா?” என்று கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மாகாணத்தில் மூன்றாம் இடம். அவ்வளவுதான் என் சாதனை. ஆனால் படுவான்கரையிலிருந்து (வாவியின் மேற்குக் கரை) பஸ் ஏறிக் கந்தளாய் வரைக்கும் போய், ஓர் இரவு வேறு ஊரில் படுத்து எழும்பிய முதல் பெண் எங்கள் குடும்பத்தில் நான்தான். இப்போது என் மகள் குண்டு போடுதல் போட்டிக்குப் போகிறாள். அவளுக்கு நாலு தரம் யாரும் வர வேண்டியிருக்கவில்லை.

வாழைச்சேனையிலிருந்து:

எனக்கு நீளக் கதை இல்லை. கொழும்பு சுகததாச விளையாட்டரங்கில் முதல் தரம் செயற்கை ஓடுபாதையைக் கண்டோம். வெறுங்காலோடு ஓடிப் பழகிய நான் பின்னேர வெயிலில் அப்படியே இறங்கப் போனேன். சேர் பிடித்து இழுத்து, தன் சப்பாத்தைக் கழற்றித் தந்து, “புல்லில ஓடுற கால் வேற, இது தோசைக்கல்லு” என்றார். இரண்டு அளவு பெரிசு. பஞ்சு அடைத்து ஓடினேன், ஆறாவது.

காத்தான்குடியிலிருந்து:

நான் கடைசி செட். 4×100 அஞ்சலோட்டத்தில் கோல் மாற்றும் பகுதி 20 மீற்றரிலிருந்து 30 ஆக மாறியபோது மற்றப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் பழைய கணக்கிலேயே நின்றன. சேர் அதைத் தாளில் எழுதி எங்கள் நாலு பேருக்கும் பரீட்சையே வைத்தார். பாஸ் ஆகாதவனுக்கு ஓட இடமில்லை. நான் 35 எடுத்து, அடுத்த நாள் திரும்ப எழுதினேன்.

சாய்ந்தமருதிலிருந்து:

நான் அவருடைய மாணவன் இல்லை, எதிரணி. கல்முனைப் பக்கத்திலிருந்து ஒரு மாகாணப் போட்டிக்குப் போயிருந்தோம். எங்கே, எந்த வருடம் என்பதை விடுங்கள், அதில் பிழை விட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 400 மீற்றர் இறுதி. எனக்கு லேன் 4. சேரின் பெடியனுக்கு லேன் 1.

சூடாக்கிக்கொண்டு நிற்கிறோம். சேர் தன் சுருளோடு ஒவ்வொரு லேனின் தொடக்கக் கோட்டையும் அளக்கிறார். பிறகு நேரே நடுவர் மேசைக்குப் போனார். வாக்குவாதம் கேட்டது. எங்கள் வாத்தியார், “அவர்ர பெடியனுக்கு ஏதும் குறைஞ்சிருக்கும், அதான் கத்துறார்” என்றார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

விசயம் நேர் எதிர். இதை விளங்கிக்கொள்ள எனக்கே பல வருடம் பிடித்தது, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். 400 மீற்றரில் வெளி லேன்காரன் பெரிய வட்டம் ஓடுகிறான், அதனால் அவனை முன்னால் தள்ளி நிறுத்துகிறார்கள். லேனின் அகலம் 1.22 மீற்றர். புத்தகத்தில் இரண்டாம் லேனுக்கு 7.04 மீற்றர், அதற்குப் பிறகு லேனுக்கு லேன் 7.67 என்று இருக்கும். முதலாவது மட்டும் ஏன் குறைவு? உள்விளிம்பில் உயர்ந்த கட்டு இருக்கும் மைதானத்தில், முதல் லேன்காரன் கட்டில் கால் படாமல் தள்ளி ஓடுவான் என்று 30 சென்ரிமீற்றர் விட்டு அளக்கிறார்கள். மற்ற லேன்களில் வெறும் கோடு, ஆகவே 20. ஆனால் நாங்கள் நின்றது புல்லில். கட்டு இல்லை, சுண்ணாம்புக் கோடு மட்டும். அப்படியென்றால் முதல் லேனுக்கும் 20தான், எல்லா இடைவெளியும் 7.67 ஆக இருக்க வேண்டும். அங்கே புத்தகத்தைப் பார்த்து 7.04 போட்டிருந்தார்கள். அதாவது லேன் 1 தவிர மற்ற ஏழு பேரும் 63 சென்ரிமீற்றர் கூட ஓட வேண்டும்.

பிழையால் லாபம் சேரின் பெடியனுக்கு மட்டும். சேர் அதைத்தான் திருத்தச் சொல்லி நின்றார். கால் மணித்தியாலம் சண்டை பிடித்துத் திருத்த வைத்தார்.

நான் வென்றேன். எனக்குப் பின்னால் வந்தவனும் மூன்றாவதாக வந்த அவருடைய பெடியனும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் நெஞ்சை நீட்டினார்கள். வாப்பா அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டினார். இன்றைக்கும் அதைப் பார்க்கும்போது எனக்கு அந்த மின்கம்பிதான் ஞாபகம் வரும். அந்தப் பெடியன் இப்போது எங்கே என்று யாருக்காவது தெரியுமா?

செங்கலடியிலிருந்து:

லேன் 1 நான்தான்.

63 சென்ரிமீற்றர் என்றால் அந்த வேகத்துக்குக் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு செக்கன். நடுவரின் ஸ்டொப்வோச்சில் எனக்கும் இரண்டாவது வந்தவனுக்கும் இருந்த வித்தியாசமும் அதேதான். கொழும்பில் தேசியப் போட்டிக்குப் போகும் பட்டியலில் என் பெயர் இல்லை. தேசியத்தில் இடம் எடுத்தால் பல்கலைக்கழகத்துக்கு விளையாட்டு வழியாக ஒரு கதவு இருக்கிறது என்று எனக்குச் சொல்லித் தந்ததே சேர்தான். சாதாரண வழியில் போக எனக்குப் புள்ளி காணாது என்பதும் அவருக்குத் தெரியும்.

நான் சேரோடு இரண்டு வருடம் கதைக்கவில்லை. மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. விளக்கமும் சொல்லவில்லை. மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்தால் அவர் ஏதோ தெய்வம் மாதிரி இருக்கிறது. எனக்கு அப்படி இல்லை. ஓட்டத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம், “தம்பி, இப்பிடி ஒரு பிழை இருக்கு, நான் சொல்லப் போறன்” என்று. மேசையில் அவர் கத்தியதை நானும் உங்களைப் போலத் தூரத்தில் நின்றுதான் கேட்டேன். தொடக்கக் கோட்டில் நிற்கும்போது என் தலைக்குள் ஓட்டமே இல்லை, அந்தச் சத்தம்தான் இருந்தது. அது இன்றைக்கும் பிழை என்றுதான் நினைக்கிறேன்.

நான் டயர் கடை போட்ட வருடம் ஒரு ஜனவரி மாதம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின் சில்லில் காற்று இல்லை. ஒட்டிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. கிறுகிப் போகும்போது, “வெள்ளிக்கிழமை கோடு போடோணும். தலைப்புப் பிடிக்க ஒரு ஆள் காணாது” என்றார். வேறொன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை நான் ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜனவரியும் போகிறேன், நாங்கள் அந்த ஓட்டத்தைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை.

சாய்ந்தமருது அண்ணன், கடைப் பக்கம் வந்தால் இறங்குங்கள். தேத்தண்ணி இருக்கிறது.

சாய்ந்தமருதிலிருந்து:

வாறேன் தம்பி. இன்ஷா அல்லாஹ் இந்த மாதமே.

கல்லடியிலிருந்து:

வாசித்துவிட்டு ரீச்சருக்கு போன் எடுத்தேன். விழா, மாலை, மேடை ஒன்றும் வேண்டாமாம். மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் ஏதும் செய்யலாம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மட்டக்களப்பில் விளையாட்டை வளர்த்த வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கிய இடத்தில் தன்னை மேடையில் ஏற்றினால் தான் வரவே மாட்டேன் என்று சேர் பின்னால் நின்று சத்தம் போட்டது போனில் கேட்டது.

ஆகவே இப்படி: இந்த வருட இல்ல விளையாட்டுப் போட்டிதான் அவருக்குக் கடைசி. கோடு போடுவது வெள்ளிக்கிழமை, காலை 5.30. சுண்ணாம்பு நான் கொண்டுவருகிறேன், கடலை ரீச்சர் அவிப்பா. தலைப்புப் பிடிக்க எத்தனை பேர் வருகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள், பானை அளவு தெரிய வேண்டும்.

மண்டூரிலிருந்து:

நானும் மகளும், இரண்டு பேர். முதல் ஓடப்பாதை எத்தனை மணிக்கு என்று பார்த்துச் சொல்கிறேன்.