மறு: ஸ்டேபிள் ஐசோடோப்புக்குத் தமிழ்ச் சொல், வெள்ளிக்கிழமைக்குள்

அன்புள்ள அனைவருக்கும்,
ஏம்ஸ்பரி வில்லாளர் பற்றிய அத்தியாயம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். 2002இல் இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்துக்குப் பக்கத்தில் கிடைத்த கல்லறை, ஏறக்குறைய கி.மு. 2300. பல் எனாமலில் இருந்த ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின், எடை மட்டும் வேறான அணுக்கள்) பார்த்து, ஆள் ஆல்ப்ஸ் பக்கம் வளர்ந்தவர் என்கிறார்கள். நானும் அகராதிப்படி எழுதினேன்: “நிலைத்த ஓரிடத்தான் பகுப்பாய்வின்படி இவர் வெளியூர்க்காரர்.” படித்துவிட்டு மகள் சிரிக்கிறாள். காப்பாற்றுங்கள்.

----
யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்தது ‘சமதானி’. ஆவர்த்தன அட்டவணையில் சமமான தானம். 1913இல் வேதியியலாளர் ஃபிரெடரிக் சாடி வைத்த கிரேக்கப் பெயருக்கும் அதுதான் பொருள். அதை எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற மருத்துவர். இன்னொன்று, ஆட்கள் ஊர்விட்டு ஊர் போவதைச் சொல்லும் மொபிலிட்டிக்கு ‘இடம்பெயர்வு’ போடாதீர்கள். எங்களுக்கு அது முகாமும் நிவாரண அரிசியும்.

----
ஐயா, ஸ்தானத்தில் ஸ்-ஐ உதிர்த்துவிட்டால் தமிழாகிவிடுமா? தவிர, இங்கே தானி என்றால் ஆட்டோ. சமதானி ஷேர் ஆட்டோவா?
சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது: ஓரகத்தி. ஓர் அகத்துக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். இடம் ஒன்று, எடைதான் வேறு! ஐசோடோப்பும் அதேதானே? அகம், அகடு, அகழ் என்று வேர் பிடித்துப் போனால்...

----
வேர் பிடித்துப் போனால் வெள்ளிக்கிழமை போய்விடும். வகுப்பில் நான் ஐசோடோப்பு என்றே சொல்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல் இடிக்கவில்லை, விஷயம்தான் இடிக்கிறது. எனாமல் சின்ன வயதில் உருவானதோடு சரி. எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அதனால் பல் வளர்ந்த ஊரைச் சொல்லும், எலும்பு பிற்காலத்துச் சாப்பாட்டைச் சொல்லும். கம்பும் கேழ்வரகும் மக்காச்சோளமும் தின்றவர் எலும்பில், நெல்லும் கோதுமையும் தின்றவரைவிட கார்பன்-13 கூடுதல். கடல்மீன் தின்றாலும் கூடும் என்பதால் நைட்ரஜன்-15ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.
சிக்கல் ‘நிலைத்த’வில் இருக்கிறது. ஊரில் நிலைத்தது என்றா பொருள்? கதிர்வீசிச் சிதையாதது. ‘சிதையா ஐசோடோப்பு’ என்று போடுங்களேன்.

----
வளர்ந்த ஊரைக் கண்டுபிடிக்கப் பல்லில் ஸ்ட்ரான்சியம்-87ஐயும் பார்க்கிறார்களே, அது பாறையில் ருபிடியம்-87 சிதைந்து பிறந்ததுதானே? சிதைவில் பிறந்ததற்குச் சிதையா என்று பெயரா?

----
பிறந்த கதை வேறு. அது தான் சிதைவதில்லையே.

----
சரி, ‘சிதையா ஐசோடோப்பு’ என்றே அனுப்புகிறேன். ஓரிடத்தானும் சமதானியும் அடிக்குறிப்பில். மொபிலிட்டிக்கு ‘நடமாட்டம்’.

----
நடமாட்டம் என்றதும் சிறுத்தைதான் ஞாபகம் வருகிறது. என் வாக்கு இன்னமும் ஓரகத்திக்கே.