கொள்முதல் நிலையமும் ஈரப்பதமும்: நேரில் கண்டதைப் பகிருங்கள்

கடைமடை, திருத்துறைப்பூண்டி
ஐப்பசி மழையில் குறுவை அறுக்கிறவர்களுக்கு முன்கதை வேண்டாம். அரசு கொள்முதல் நிலையத்தில் ஒரே குவியல். மேலாக அள்ளிய நெல்லுக்கு ஈரமானி 17.2 சதவீதம் காட்டியது. குத்தூசியை உள்ளே இறக்கி எடுத்த நெல்லுக்கு 21.4. எடுத்துக்கொள்ளும் வரம்பு 17. உள்நெல்லைத்தான் கணக்கில் எடுப்பேன் என்று நிலையத்துப் பட்டியல் எழுத்தர் சொல்லிவிட்டார், அது ஒருவகையில் நியாயமும்கூட.

கோளாறு முந்தின ராத்திரியே நடந்துவிட்டது. மெஷின் அறுத்த நெல்லைச் சூடு ஆறாமல் குவித்து, தார்ப்பாயை ஒட்டப் போட்டு மூடியிருக்கிறார்கள். உள்சூட்டில் ஈரம் மேலேறிப் பாயின் அடியில் வியர்த்து, அந்தத் தண்ணீர் மறுபடி நெல்லிலேயே சொட்டியிருக்கிறது. விடிந்து பாயைத் தூக்கினால் ஓரத்து நெல்லெல்லாம் மூக்கு வெடித்து வெள்ளை முளை. சேதமான, நிறம் மாறிய, முளைத்த நெல் எல்லாம் சேர்த்து 5 சதவீதம் வரைதான் எடுப்பார்கள். ஈரமாவது வெயில் வந்தால் இறங்கும், முளைவிட்டதைத் திருப்ப முடியாது. சவுக்குக் கட்டையைக் குறுக்கே வைத்து, பாய்க்கும் நெல்லுக்கும் நடுவே காற்றுப் போக இடம் விட்டிருந்தால் பாதி தப்பியிருக்கும்.

ஒரத்தநாட்டான்
நியாயம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? உள்நெல் மட்டும் மாதிரி ஆகாது. குவியலின் மேல், நடு, அடி, நாலு பக்கம் என்று எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதில் பார்க்க வேண்டும். பதரையும் தூசியையும் நீக்கிவிட்டுத்தான் ஈரமானியில் போட வேண்டும். வெயிலிலிருந்து அள்ளிய கையோடு சுடச்சுடப் போட்டாலும் எண் மாறும். நிழலில் ஆறவிட்டு, மூன்று தடவை பார்த்து, சராசரி எடுக்கச் சொல்லுங்கள். அதைக் கேட்பதற்கு விவசாயிக்கு முழு உரிமை உண்டு.

இன்னொன்று. காயவைத்து ஒரு மணி நேரத்தில் 17 காட்டியது சாயங்காலம் 18 ஆகிவிட்டது என்று சண்டை போடுகிறார்கள். உமி காய்ந்திருக்கும், உள்ளே அரிசி காய்ந்திருக்காது. ஆற ஆற உள் ஈரம் வெளியே வரும். இரண்டு மூன்று அங்குல கனத்துக்குமேல் பரப்பாமல், அரை மணிக்கு ஒருதரம் காலால் கிளறி, நடுவில் குவித்து ஆறவிட்டு, மறுபடி பரப்ப வேண்டும்.

குடவாசல் பாசனம்
17 என்ற ஈர வரம்பில் தளர்வு கேட்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2022 அக்டோபரில் மாநிலம் 22 சதவீதம் கேட்டது, மத்திய அரசு 19 கொடுத்தது. 40 கிலோ சிப்பத்தில் (மூட்டையில்) 22 சதவீத ஈரம் இருந்தால், 17-க்கு இறங்கும்போது 37.6 கிலோதான் மிஞ்சும். 19 என்றால் ஏறக்குறைய 39. இந்த வித்தியாசத்தை யார் தாங்குவது என்பதுதான் கேள்வி. சன்ன ரகத்துக்கு 2025-26 கொள்முதல் பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து குவிண்டால் 2,545 ரூபாய், அதாவது சிப்பம் 1,018. எடையில் ஒரு கிலோ கூடுதலாகப் பிடித்தால் 25 ரூபாய் போகிறது. எழுத்தில் வராத பிடித்தத்தைவிட, இவ்வளவு ஈரத்துக்கு இவ்வளவு கழிவு என்று பலகையில் எழுதிப் போட்டுவிட்டு வாங்குவது எவ்வளவோ மேல். தளர்வு உத்தரவும் குழு வந்து, மாதிரி எடுத்து, அறிக்கை போன பிறகுதான் வருகிறது. அதற்குள் நெல் முளைத்துவிடுகிறது. மழை வரும் மாதம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே, முன்கூட்டியே அறிவித்தால் என்ன?

வேதாரண்யம் சாலை
எடை, ஈரம் எல்லாம் விளைந்தவனுக்கு. சம்பா மூழ்கியவனுக்குப் பயிர்க் காப்பீட்டின் அறுவடைப் பரிசோதனைதான், அதாவது வயலில் ஒரு சதுரத்தை அறுத்து எடைபோட்டு ஊர் மகசூலைக் கணிப்பது. பக்கத்துக் கிராமத்தில் பார்த்தது: 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டும்போது ஒரு மூலை செங்கோணமாக இல்லை, ஒரு வரிசை உள்ளே வந்துவிட்டது. அந்தச் சதுரத்து எடையை 400-ஆல் பெருக்கித்தான் ஹெக்டேருக்குச் சொல்கிறார்கள். ஒரு கிலோ கூடினால் ஹெக்டேருக்கு 400 கிலோ கூடிவிடும். கிராமத்துக்கே இழப்பீடு அதில் நிற்கிறது.

கேட்காமலே சொல்கிறேன். கடந்த 7 வருடத்தில் நல்ல 5 வருடச் சராசரியை எடுத்து, ஈட்டு நிலையால் (அந்தச் சராசரியில் எத்தனை சதவீதத்துக்குக் காப்பீடு உறுதி என்பது) பெருக்கினால் உத்தரவாத மகசூல். சராசரி 5,000 கிலோ, ஈட்டு நிலை 80 சதவீதம் என்று வையுங்கள், 4,000 வரும். இந்த வருடம் 3,000 என்று பதிவானால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கிடைக்கும். உங்கள் வயல் மட்டும் மூழ்கி ஊர்ச் சராசரி தப்பித்தால் இந்தக் கணக்கில் ஒன்றும் வராது. அதனால் அறுக்கும் நாளில் நாலு பேர் போய் நில்லுங்கள். டேப் வைத்து மூலைவிட்டத்தை அளக்கச் சொல்லுங்கள், 7.07 மீட்டர் இருந்தால் சதுரம் சரி. தராசை வெறுமையாக வைத்துப் பூஜ்ஜியம் காட்டுகிறதா பாருங்கள். எழுதின எடையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாநில நிவாரணம் வேறு, காப்பீடு வேறு. 33 சதவீதத்துக்குமேல் சேதமானால் வருவது நிவாரணம், ஒன்று வந்தால் இன்னொன்று நிற்காது.

கோயில் குத்தகை, மயிலாடுதுறை
இவ்வளவும் அடங்கலில் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்ற கிராமப் பதிவேடு) பெயர் இருந்தால்தான். சம்பா காப்பீட்டுப் பதிவுக்கு வழக்கமாக நவம்பர் 15 கெடு. கடைசி வாரத்தில் உட்பிரிவு எண் பொருந்தாமல் திரும்பி வந்த விண்ணப்பங்களைக் கட்டாகவே பார்த்தேன். சிட்டாவில் (நில உரிமைப் பதிவில்) 112/3ஏ, அடங்கலில் 112/3. கிராம நிர்வாக அலுவலர் திருத்திக் கொடுத்தபோது கெடு முடிந்திருந்தது. ஐப்பசி பிறந்ததுமே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடுங்கள். கொள்முதலுக்கு ஆன்லைனில் பதியவும் அதே எண்தான் வேண்டும்.