புதுப்பிப்பு: வேலூர் வெயிலை விட்டு கோத்தகிரி கிராமத்துக்கு வந்து ஒரு வருடம்

வேலூர் வெயில் தாங்கவில்லை, வேலையும் வீட்டிலிருந்தே செய்வதுதான், கோத்தகிரி பக்கம் ஒரு கிராமத்துக்குக் குடிபோகலாமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். "ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்" என்று பலர் சொன்னீர்கள். பார்த்துவிட்டேன்.

குளிர் பழகிவிட்டது. ஈரம்தான் பழகவில்லை. தென்மேற்குப் பருவமழையை தொட்டபெட்டா மலைத்தொடர் பெருமளவு மறித்துவிடுவதால் ஆடியில் கூடலூர் அளவுக்கு இங்கே கொட்டுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. துணி நாலு நாளானாலும் காயாது, உப்பு ஜாடியிலேயே கசியும், தோல் செருப்பில் பூஞ்சை பிடிக்கும்.

சமையலையும் புதிதாகப் பழகினேன். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்புக்கு குக்கர்தான் கதி. இட்லி மாவு ஒரே ராத்திரியில் பொங்குவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, பாத்திரத்தில் கம்பளி சுற்றி அடுப்போரம் வைக்கிறேன். அப்போதும் மறுநாள் மதியம் ஆகிவிடும்.

பொழுது சாய்ந்தால் தேயிலைத் தோட்டப் பாதையில் நடப்பதில்லை. காட்டெருமையும் கரடியும் நடமாடும் இடம்.

அம்மாவுக்கு மூட்டுவலி கூடிவிட்டது. மார்கழி, தை இரண்டு மாதமும் வேலூரில் தம்பி வீட்டில் இருந்தார். அவர் இல்லாத வீடு மிகவும் கஷ்டமாக இருந்தது. ஆனால் சித்திரை ராத்திரியில் போர்வைக்குள் தூங்கி எழுந்தபோது, திரும்பிப் போக மனசு வரவில்லை.

இப்போது தெற்குப் பார்த்த, காலை வெயில் விழும் வீடாகப் பார்த்து 11 மாத ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். வெயில் விழும் அறை அம்மாவுக்கு.