பல்லாவரத்துச் சார்னோக்கைட் தீப்பாறையா, உருமாறிய பாறையா? புவிவேதியியல் எதுவரை சாட்சி சொல்லும்?

நீலக்கருங்கல்:

சென்ற வாரம் இக்குழுவில் ஒருவர், சார்னோக்கைட்டை எத்தனை முறை அரைத்துப் பகுத்தாலும் அது பாறைக்குழம்பு உறைந்து பிறந்த தீப்பாறையா, இருந்த பாறையே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறிய உருமாறிய பாறையா என்பது தெரியப்போவதில்லை என்று எழுதியிருந்தார். அதை மறுக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் நாம் கருங்கல் என்று சொல்லிக் கட்டடங்களுக்கு ஜல்லியாக உடைத்துவந்த பாறைக்கு 1893-இல் சார்னோக்கைட் என்று பெயரிட்டவர் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட். கொல்கத்தாவில் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் உள்ள கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறைதான் என்பதால் அந்தப் பெயர் வந்தது. சிலிக்கா மிகுந்த வெளிர்நிறப் பாறை முதல் சிலிக்கா குறைந்த கரும்பாறை வரை அனைத்தும் ஒரே பாறைக்குழம்பிலிருந்து படிப்படியாகப் பிரிந்தவை என்று 1900-இல் வெளியிட்ட ஆய்வில் அவர் வாதிட்டார். அவரிடம் இன்றைய கருவிகள் இல்லை. ஆனால் இன்றைய பகுப்புகள் அவர் பக்கமே நிற்கின்றன.

வானிலைச் சிதைவுக்கு ஆளான மண்ணிலிருந்து சோடியமும் கால்சியமும் கரைந்து போய்விடும், அலுமினா தங்கிவிடும். அந்த மண் படிந்து, புதைந்து, வெந்து பாறையானாலும் அலுமினாவின் மிகுதி மறைவதில்லை. கோண்டலைட் என்ற பாறையில் அலுமினா மிகுந்த கனிமங்களான கார்னெட்டும் சில்லிமனைட்டும் நிறைந்திருப்பதற்குக் காரணம் அதுவே. அவ்வகைப் பாறைகளின் அருகிலேயே கிடக்கும் சார்னோக்கைட்டிலோ சோடியமும் கால்சியமும் ஒரு தீப்பாறையில் இருக்கவேண்டிய அளவில் அப்படியே இருக்கின்றன. ஆற்றுமணலோ களிமண்ணோ இதற்கு மூதாதையாக இருந்திருக்க முடியாது.

மென்சீவல்:

ஐயா, நீங்கள் நிறுவியிருப்பது சார்னோக்கைட்டின் மூதாதை யார் என்பதை மட்டுமே. பல்லாவரத்தில் இன்று நம் கையில் கிடைக்கும் பாறை எப்படிப் பிறந்தது என்பது வேறு கேள்வி, அதற்கு உங்கள் பதிவில் விடை இல்லை.

நான் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு, ஒளி ஊடுருவுமளவு மெல்லியதாகத் தேய்த்த பாறைச்சீவலை நுண்ணோக்கியில் காட்டியவள். பாறைக்குழம்பு குளிர்ந்து உறையும்போது முதலில் உருவாகும் படிகம் தன் வடிவத்தைத் தானே அமைத்துக்கொள்ளும், கடைசியில் வருவது எஞ்சிய இடுக்கை நிரப்பும். பல்லாவரத்துச் சீவல்கள் பலவற்றில் அந்த முன்பின் வரிசையே தெரிவதில்லை. குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும், சார்னோக்கைட்டின் அடையாளக் கனிமமான ஹைப்பர்ஸ்தீனும் சம உரிமையோடு ஒன்றையொன்று நெருக்கி, மூன்று மணிகள் கூடும் இடத்தில் ஏறத்தாழ 120 பாகைக் கோணத்தில் சந்திக்கின்றன. திடநிலையிலேயே நெடுங்காலம் வெந்து மறுபடிகமான பாறையின் முகம் அது. வெளிர்நிறப் பாறை முதல் கரும்பாறை வரையிலான இச்சார்னோக்கைட் தொடரின் வேதியியலை 1955-இல் விரிவாக ஆராய்ந்த ஹோவியும் இவை ஆழத்தில் உறைந்த தீப்பாறைகளாக இருந்து பின்னர் திடநிலையில் மறுபடிகமானவை என்ற முடிவுக்கே வந்தார்.

கர்நாடகத்தின் கப்பல்துர்காவையும் கருத வேண்டும். அங்கே குவாரி முகத்தில் நைஸ் என்ற சாம்பல்நிற உருமாறிய பாறையின் வரிகள் நேராக ஓடிவருகின்றன. ஓரிடத்தில் அவை மங்குகின்றன, ஒரு சாண் தள்ளி அறவே அழிந்து, எண்ணெய் பூசினாற்போன்ற கரும்பச்சைத் திட்டாகின்றன. அந்தத் திட்டு சார்னோக்கைட். நைஸின் வரி அதற்குள் நுழைந்து கரைவதைக் கண்ணால் காணலாம். அங்கே எந்தக் குழம்பும் வந்து உறையவில்லை, இருந்த பாறையே நின்ற இடத்தில் மாறியிருக்கிறது. சி. எஸ். பிச்சமுத்து இதை 1960-இல் எழுதினார். கரியமில வாயு மிகுந்த பாய்மம் நீரை விரட்டியதால், நீர் பொதிந்த கனிமங்களான பயோடைட்டும் ஹார்ன்பிளெண்டும் சிதைந்து ஹைப்பர்ஸ்தீன் பிறந்தது என்று ஜனார்த்தன், நியூட்டன், ஹான்சன் ஆகியோர் 1982-இல் விளக்கினர்.

நீலக்கருங்கல்:

கப்பல்துர்காவை நான் மறுக்கவில்லை. ஆனால் சாண் அளவுத் திட்டை வைத்து மலையளவுப் பாறைக்குத் தீர்ப்பெழுதுவது முறையாகாது. மேலும், உருமாற்றம் நடந்திருந்தாலும் அதை அளந்து கழித்துவிடும் திறன் வேதியியலுக்கு உண்டு.

ருபீடியம் பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு பயோடைட்டுக்குள் வாழும் தனிமம். பயோடைட் சிதையும்போது ஹைப்பர்ஸ்தீனில் அதற்கு இடமில்லை. ஒரு பகுதி ஃபெல்ஸ்பாருக்குள் ஒதுங்குகிறது, எஞ்சியது வெளியேறும் நீரோடோ உருகலோடோ போய்விடுகிறது. சேர்வராயன் மலைச் சார்னோக்கைட்டுகளில் பொட்டாசியத்தோடு ஒப்பிட ருபீடியம் மிகவும் குறைந்திருப்பது இதனால்தான். ஆகவே ருபீடியத்தையும் யுரேனியத்தையும் கொண்டு மூலத்தைப் பேசக்கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே காரணத்தால் இப்பாறைகளில் ருபீடியம்–ஸ்ட்ரோன்சியம் முறையில் கணித்த வயதுகளையும் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். ஆனால் அருமண் தனிமங்கள் (லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையிலான குடும்பம்), சிர்கோனியம், டைட்டானியம் ஆகியவை அவ்வளவு எளிதில் இடம்பெயர்வதில்லை. வடதமிழ்நாட்டுச் சார்னோக்கைட்டுகள் பலவற்றில் இலேசான அருமண் தனிமங்கள் மிகுந்தும் கனமானவை வெகுவாகக் குறைந்தும் இருக்கின்றன. கனமானவற்றை விரும்பிப் பிடித்துவைப்பது கார்னெட். எனவே ஆழத்தில் கார்னெட்டை எச்சமாக விட்டுவிட்டு உருகி மேலே வந்த குழம்பின் கையெழுத்து இது என்பேன்.

மென்சீவல்:

இடம்பெயராதவை என்று நீங்கள் நம்பும் தனிமங்களே கப்பல்துர்காவில் இடம்பெயர்ந்திருக்கின்றன. நைஸையும் அதை ஒட்டிய திட்டையும் அடுத்தடுத்து வெட்டியெடுத்துப் பகுத்த 1980-களின் ஆய்வில், திட்டுக்குள் பொட்டாசிய ஃபெல்ஸ்பார் கூடியிருந்தது, ஹார்ன்பிளெண்ட் கரைந்திருந்தது, அத்துடன் அபடைட், சிர்கான் என்ற நுண்கனிமங்களும்கூடக் கரைந்ததால் சிர்கோனியமும் கனமான அருமண் தனிமங்களும் குறைந்திருந்தன. நீங்கள் கார்னெட்டின் கையெழுத்து என்று படிக்கும் அதே குறைவைப் பாய்மமும் ஓரளவு உண்டாக்க முடியும் என்றால், எண்களை மட்டும் பார்த்து இரண்டையும் எப்படிப் பிரித்தறிவீர்கள்? இந்தக் கேள்வியை விளையாட்டாகக் கேட்கவில்லை. ஒரு வரைபடத்தில் புள்ளி எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பார்த்துவிட்டுப் பாறையின் வரலாற்றையே எழுதிவிடும் கட்டுரைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். அதனால் வரும் கவலை இது.

ஏற்காட்டான்:

இருவரும் பாறையை மொத்தமாக அரைத்த பொடியைப் பற்றியே பேசுகிறீர்கள். 250 கோடி ஆண்டு வரலாற்றை ஒரே கிண்ணத்தில் அரைத்துவிட்டால் முன்னதும் பின்னதும் கலந்துதான் போகும். சிர்கான் மணியைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குள்ள மணியைப் பாதியாகத் தேய்த்து, எலக்ட்ரான் கற்றையின் கீழ் வைத்தால் அது ஒளிரும். நடுவில் வெங்காயத்தை வெட்டினாற்போல் மெல்லிய வளையங்கள் அடுக்கடுக்காகத் தெரியும். அவை குழம்பில் வளர்ந்தபோது உண்டானவை. அதைச் சுற்றி வளையமே இல்லாத ஒரு மேலுறை இருக்கும், அது பின்னர் வெப்பத்தில் வளர்ந்தது. அயனிக் கற்றையால் இரண்டிலும் தனித்தனியே சிறு குழி தோண்டி யுரேனியத்தையும் ஈயத்தையும் அளக்கலாம். சேலம் வட்டாரச் சார்னோக்கைட்டுகளில் இப்படி அளந்து 2009-இல் வெளியான ஆய்வில், குழம்பு உறைந்தது ஏறத்தாழ 253 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், கடும் உருமாற்றம் ஏறத்தாழ 248 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் என்று தெரிந்தது. இடையில் 5 கோடி ஆண்டுகள் கிடக்கின்றன. ஆக, அங்கே நீலக்கருங்கல் சொல்லும் குழம்பும் உண்மை, மென்சீவல் அம்மா சொல்லும் திடநிலை மாற்றமும் உண்மை. இரண்டுக்கும் தனித்தனித் தேதி இருக்கிறது.

நீலக்கருங்கல் அவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹாலண்டின் ஒரே தொடர் என்ற கருத்தை இவ்வளவு உறுதியாகத் தாங்கிப் பிடிக்காதீர்கள். கரும்பாறைகளை அந்தத் தொடரிலிருந்து பிரித்து, வெளிர்நிறப் பாறைகளுக்கு மட்டுமே சார்னோக்கைட் என்ற பெயர் தகும் என்று ஏ. பி. சுப்ரமணியம் 1959-இலேயே பல்லாவரத்தை மறுஆய்வு செய்து எழுதினார். உங்கள் சான்றே அதற்குத் துணைபோகிறது. கரும்பாறைக் குழம்பிலிருந்து பிளேஜியோக்ளேஸ் என்ற ஃபெல்ஸ்பார் பெருமளவில் பிரிந்து பிரிந்து வெளிர்நிறப் பாறை வந்திருந்தால், யூரோப்பியம் என்ற அருமண் தனிமம் பிளேஜியோக்ளேஸோடு போய், எஞ்சிய குழம்பின் அருமண் வரைபடத்தில் அந்த இடத்தில் தெளிவான பள்ளம் விழுந்திருக்க வேண்டும். நீங்கள் குறிப்பிட்ட பாறைகள் பலவற்றில் அந்தப் பள்ளம் இல்லை. கார்னெட்டை விட்டுவிட்டு உருகிய குழம்பு என்கிறீர்கள். அப்படியானால் அது ஹாலண்டின் கதை அன்று.

நீலக்கருங்கல்:

யூரோப்பியத்தைப் பற்றிச் சொன்னது என் வாதத்தின் ஒரு காலை முறித்துவிட்டது. ஹாலண்டின் ஒற்றைத் தொடரைக் கைவிடுகிறேன், கரும்பாறைகளுக்குத் தனி மூலத்தைத்தான் தேட வேண்டும். ஆனால் ஒன்றில் பின்வாங்க மாட்டேன். ஹைப்பர்ஸ்தீன் எப்போதுமே உருமாற்றத்தில்தான் பிறக்கிறது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. வறண்ட, மிகச் சூடான குழம்பிலிருந்து நேரடியாக ஹைப்பர்ஸ்தீனோடு உறைந்த சார்னோக்கைட்டுகள் அண்டார்க்டிகாவில் இருக்கின்றன. கில்பாட்ரிக், எல்லிஸ் ஆகியோர் 1992-இல் அத்தகைய குழம்புகளைத் தனி வகையாகவே பிரித்துக்காட்டினர். அதே சிலிக்கா அளவில் பொட்டாசியம், டைட்டானியம், பாஸ்பரஸ் கூடியும் கால்சியம் குறைந்தும் இருப்பது அவற்றின் அடையாளம். அந்த அடையாளத்தைக் காட்டியதும் பாறையின் வேதியியலே.

மென்சீவல்:

அண்டார்க்டிகப் பாறைகளை ஏற்கிறேன். அங்கே அடையாளம் சொன்னது வேதியியல் என்றாலும், ஊடுருவிய பாறை சுற்றுப்பாறையை வெட்டிச் செல்லும் விளிம்பைக் களத்தில் கண்ட பிறகே அந்த எண்களுக்குப் பொருள் வந்தது. திரிசூலம் பக்கத்துப் பழைய குவாரிகள் பலவற்றில் இப்போது நீர் நிற்கிறது, எனவே விளிம்புகளைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே வருகிறது. நீங்கள் அடுத்த முறை மாதிரி எடுக்கும்போது பளபளப்பான நடுப்பகுதியை மட்டும் உடைக்காமல், கரும்பாறையும் வெளிர்நிறப் பாறையும் தொடும் கோட்டுக்குக் குறுக்கே, விரற்கடை இடைவெளியில் வரிசையாக எட்டோ பத்தோ துண்டுகள் எடுங்கள். ஒவ்வொன்றிலும் பாதியைப் பொடிக்கும், பாதியைச் சீவலுக்கும் ஒதுக்குங்கள். சீவல்களை நான் பார்த்துத் தருகிறேன்.

நீலக்கருங்கல்:

அப்படியே செய்கிறேன், அம்மா. கோட்டின் இருபுறமும் திசை குறித்து எடுத்து வருகிறேன். ஏற்காட்டான் இசைந்தால் நடுத்துண்டிலிருந்து சிர்கானையும் பிரித்துவிடலாம்.