உடன் இறங்குபவருக்கு ஒரு சொல் வேண்டும், புதன்கிழமைக்குள்

அனுப்புநர்: மண்டபம் மொழிபெயர்ப்பாளர்
சனி காலை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வெப்பக் கடல்களில் ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு நீருக்குள் இறங்குவது) பயணத்தைப் பாதுகாப்பாகத் திட்டமிடுவது பற்றிய பன்னிரண்டு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். படிக்கப் போகிறவர்கள் நம் கரைப் பிள்ளைகள்தான். பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரைப் பக்கத்து இளைஞர்கள், அந்தமானிலும் லட்சத்தீவிலும் வழிகாட்டி வேலை கிடைக்கும் என்று பயிற்சியில் சேர்ந்திருக்கிறார்கள். புதன்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

முக்கால்வாசி முடிந்தது. ஒரே ஒரு சொல்லில் தட்டி நிற்கிறேன். ஸ்கூபாவில் தனியாக இறங்கக்கூடாது, இரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும். இறங்குமுன் ஒருவர் கருவிகளை மற்றவர் தொட்டுப் பார்க்க வேண்டும்: மிதவைச் சட்டை, எடைப்பட்டை, கொக்கிகள், காற்று. கீழே ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் மற்றவரின் உபரி வாய்க்குழாயை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆள் கண்ணில் படவில்லையா, ஒரு நிமிடம் தேடிவிட்டு இருவரும் மெதுவாக மேலே வந்து சந்திக்க வேண்டும். அந்த 'மற்றவர்' பெயர் ஆங்கிலத்தில் 'பட்டி'. கையேட்டில் 43 இடத்தில் வருகிறது.

அப்படியே தமிழில் எழுதினால் ஆட்டுப்பட்டி. லட்சத்தீவில் பெரும்பாலும் பேசுவது மலையாளம், அதில் பட்டி என்றால் நாய். அங்கே போய் ஒரு பையன் இன்னொருவனைக் காட்டி 'இவன் என் பட்டி' என்றால் அடி விழும்.

இப்போதைக்கு 'இணைமூழ்குநர்' என்று போட்டிருக்கிறேன். சத்தமாக மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். எனக்கே மூச்சு வாங்குகிறது.


அனுப்புநர்: பரமக்குடி புலவர் ஐயா
சனி மாலை

தம்பி, மூழ்குநர் இலக்கணப்படி பிழையற்றது. ஆயினும் நம்மிடம் ஆயத்தமாக ஒரு சொல் இருக்கும்போது புதிதாகச் செய்வானேன்? அகத்திணையில் தலைவனுக்கு உற்றது அறிந்து உடன் நிற்பவன் யார்? பாங்கன். பன்மையில் பாங்கர். பாங்கு என்றால் பக்கம். பக்கத்தில் இருப்பவன் பாங்கன். கையேட்டுக்கு இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

பக்கம், பங்கு, பாங்கு, பாகம் எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் நெடுநாள் துணிபு. கடலில் ஆழம் சொல்ல மீனவர்கள் 'பத்துப் பாகம்', 'பன்னிரண்டு பாகம்' என்கிறார்களே, இரு கை விரித்த அளவு, அதுவும் இந்த வேரில் முளைத்ததாகவே இருக்க வேண்டும். பாகம் வடசொல் என்பார்க்கு என் மறுப்பைத் தனி மடலில் விரிக்கிறேன்.

(அந்தத் தனி மடல் ஞாயிறு அதிகாலை 4 மணிக்கு வந்தது. பதினொரு பத்தி. அதை இங்கே தரவில்லை. – மண்டபம்)


அனுப்புநர்: கீழக்கரை
ஞாயிறு

> பாங்கு என்றால் பக்கம்

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊரில் பாங்கு என்றால் தொழுகைக்கு அழைப்பது. ஒரு நாளைக்கு ஐந்து வேளை கேட்கிறோம். 'பாங்கரைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கவும்' என்று அச்சடித்துக் கொடுத்தால் பிள்ளைகள் பள்ளிவாசலுக்குப் போய் மோதினாரைத் தேடுவார்கள். எங்கள் வாப்பா தலைமுறைக்கோ பாங்கர் என்றால் வங்கி முதலாளி.

அதை விடுங்கள். எனக்குப் பெரிய கவலை 'மூழ்கு'. பேப்பரில் 'மூழ்கி' என்று எந்தச் செய்தியில் வரும்? படகு மூழ்கியது, குளத்தில் மூழ்கிச் சிறுவன் பலி. இது பாதுகாப்புக் கையேடு. 'மூழ்குநர் கை காட்டினால் அமைதியாக இருங்கள்' என்று ஒரு வரி வந்தால் என்ன ஆகும்? பாதிப் பேர் உயிர்காப்புச் சட்டையைத் தூக்கி எறிவார்கள், மீதிப் பேர் உண்மையிலேயே ஒருவன் தத்தளிக்கும்போது அமைதியாக நிற்பார்கள்.

என் பாட்டனார் சங்கு குளித்தவர். குளிக்கிறது என்போம், முங்குகிறது என்போம். மூழ்குகிறது என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டது ஒரே ஒரு தடவை, தோணி போன அன்று.


அனுப்புநர்: டொரன்டோ (யாழ்ப்பாணம்)
ஞாயிறு

கீழக்கரைக்காரர் சொல்வது முழுக்கச் சரி. எங்கட பக்கம் இதற்குச் 'சுழியோடி' என்கிறோம். கடற்படைச் சுழியோடிகள் தேடுதல் என்று செய்தியில் வரும், ஒருவரும் குழம்புவதில்லை. உடன் வருபவர் 'துணைச் சுழியோடி'. விடயம் முடிந்தது.


அனுப்புநர்: பரமக்குடி புலவர் ஐயா

முடியவில்லை. சுழி நீர்ச்சுழல் ஆயிற்றே. சுழலில் ஓடு என்று கற்பிக்கவா கையேடு? மூழ்கு என்பதைக் குறைகூறுவோர் அகநானூற்றைப் புரட்டுக. அங்கே பரதவர் வலம்புரிக்காக மூழ்கவே செய்கிறார்கள். முங்கு கொச்சை. முக்குளி வேண்டுமானால் ஆராயலாம். முக்கு, குளி இரண்டும் சேர்ந்தது. மூக்கைப் பிடித்துக் குளிப்பதால் முக்குளி என்று ஒருவர் முன்பு இங்கே எழுதியதை நான் ஏற்கவில்லை.


அனுப்புநர்: கோவை

அந்த ஒருவர் நான்தான். இப்போதும் மூக்குதான் என்கிறேன். முக்குளிப்பான் குருவியைக் குளக்கரையில் நின்று பார்த்திருக்கிறீர்களா, ஐயா? மூக்குதான் முதலில் உள்ளே போகும்.

(குருவிக்கு மூக்கா அலகா என்பதில் அன்றைய பொழுது போனது.)


அனுப்புநர்: சென்னை, மென்பொருள்
திங்கள்

எல்லாரும் வினையைப் பிடித்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டீர்கள். விடை நம் பழமொழியிலேயே இருக்கிறது. மலை ஏறினாலும் மச்சான் தயவு வேண்டும். முத்துக் குளிப்பவன் இடுப்புக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பானாம். தங்கச்சி தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்ற நம்பிக்கை. ஸ்கூபாவிலும் அதே நம்பிக்கைதானே? 'மச்சான்' என்றே போடுங்கள். பையன்கள் ஏற்கெனவே ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.


அனுப்புநர்: கீழக்கரை

தம்பி, கதை நல்ல கதை. ஆனால் அந்த மச்சான் தண்ணீருக்குள் இறங்கவே மாட்டான். தோணியில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்திருப்பான், கீழே இருப்பவன் ஆட்டினால் இழுப்பான். ஸ்கூபாவில் அது வேறு ஆள், படகில் இருந்து நீர்க்குமிழியைப் பார்த்துக்கொண்டிருப்பவர். வேண்டுமானால் அவருக்கு மச்சான் என்று வையுங்கள். பக்கத்தில் நீந்துகிறவரும் கயிறு பிடிக்கிறவரும் ஒருவர் என்று பிள்ளைகள் நினைத்துவிட்டால் அதுவே ஆபத்து.


அனுப்புநர்: பாம்பன் டீச்சர்

மச்சானுக்கு என்னுடைய ஆட்சேபமும் உண்டு. பயிற்சியில் நான்கு பெண்கள் இருக்கிறார்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து இறங்கினால் என்ன சொல்வது, நாத்தனாரா? நாத்தனாரிடம் காற்றுக்குழாயைக் கொடுக்க எங்கள் ஊரில் யாரும் துணிய மாட்டார்கள்.

'துணைவர்' என்று யாராவது ஆரம்பிக்கும் முன் சொல்லிவிடுகிறேன். கையேட்டின் ஐந்தாம் பக்கம் பார்த்தேன். 'ஒவ்வொரு முறை இறங்கும்போதும் துணைவரை மாற்றிக்கொள்ளலாம்' என்று வரும்.

நேற்றுச் சின்னப்பாலம் போயிருந்தேன். பாசி எடுக்கிற பெண்கள் கரை ஏறி, விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி விரல்நுனி முழுக்கப் பாறை கிழித்த கோடு. கேட்டேன்: அக்கா, நீங்க முங்கும்போது கூடவே ஒருத்தர் இருப்பாங்களே, அவங்களை என்னன்னு சொல்லுவீங்க? ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மூத்தவர் சொன்னார்: 'கூட வர்றவ. ஏன், பேரைச் சொல்லிக் கூப்பிட்டா ஆகாதா?'

முப்பது நாற்பது வருடமாகக் கடலுக்குள் போய் வருகிறவர்களுக்கு இந்தச் சொல் தேவைப்படவில்லை. நமக்கு 43 இடத்தில் தேவைப்படுகிறது.

இன்னொன்று. நம் கடலிலேயே தூத்துக்குடி முதல் இங்கே வரை 21 தீவும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே போய்ப் பழகிப் பார்க்கலாம் என்று பிள்ளைகள் கிளம்பக் கூடாது, அதை முதல் பக்கத்தில் போடுங்கள். 2010லும் 2016லும் வெளுத்துப்போன பவளம் இது. அதன் மேல் துடுப்புக்காலை ஊன்றி நின்று படம் எடுக்க வேண்டாம் என்பதையும்.


அனுப்புநர்: மண்டபம் மொழிபெயர்ப்பாளர்
திங்கள் இரவு

டீச்சர், இரண்டும் சேர்த்துவிட்டேன்.

கீழக்கரை ஐயா சங்கு பற்றி எழுதியதால் ஒரு விஷயம் உறைத்தது. நம் பிள்ளைகளுக்கு இரத்தத்தில் ஊறிய பழக்கம் தம் பிடிப்பது. சங்கு குளிக்க அது சரி, மேலே இழுத்த காற்றுதான் உள்ளே போகிறது. சிலிண்டரோடு இறங்கினால் அதுவே எமன். பத்து மீட்டர் ஆழத்தில் இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழியும். 'எப்போதும் மூச்சை விட்டு இழுத்துக்கொண்டே இருங்கள்' என்று மூலத்தில் இருந்ததை மாற்றி, 'தம் பிடிக்காதே' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். கலைச்சொல் ஒன்றும் தேவைப்படவில்லை.

ஏழாம் பக்கத்தில் இன்னொரு சிக்கல். உபரி வாய்க்குழாயை அந்தத் தொழிலில் 'ஆக்டோபஸ்' என்கிறார்கள். நம் கரையில் அது பேய்க்கணவாய். 'காற்று தீர்ந்தால் மற்றவரின் பேய்க்கணவாயை வாயில் வைக்கவும்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. உபரிக்குழாய் என்று விட்டுவிட்டேன், இதை யாரும் விவாதிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.


அனுப்புநர்: கீழக்கரை
செவ்வாய் காலை

டீச்சர் சொன்ன 'கூட வர்றவ'வையே பிடித்துக்கொள்வோம். எங்கள் ஊரில் சிநேகிதனைக் கூட்டாளி என்போம். ஆண் பெண் இரண்டுக்கும் ஆகும். கூட இருக்கிறவர் கூட்டாளி. வினையே வேண்டாம், மூழ்கா முங்கா என்ற சண்டையும் தீர்ந்தது. 'கூட்டாளியைப் பார்', 'கூட்டாளியின் காற்று எவ்வளவு'. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.


அனுப்புநர்: சென்னை, பத்திரிகை

குற்றச்செய்தி பத்து வருடம் எழுதியவன் என்ற முறையில்: பிரபல ரவுடி கைது, கூட்டாளிகள் தப்பியோட்டம். கூட்டாளி என்றாலே எனக்கு வழிப்பறி வழக்குதான் ஞாபகம் வருகிறது.


அனுப்புநர்: பாம்பன் டீச்சர்

சென்னையில் அப்படி இருக்கலாம். இங்கே கூட்டாளி கல்யாணத்துக்கு வருவார், மொய் எழுதுவார்.


அனுப்புநர்: மண்டபம் மொழிபெயர்ப்பாளர்
செவ்வாய் மாலை

கூட்டாளிக்கு ஆறு, துணைச் சுழியோடிக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று, பாங்கருக்கு இரண்டு. இரண்டுமே புலவர் ஐயா போட்டவை, ஒன்றாகக் கணக்கில் எடுத்திருக்கிறேன். கூட்டாளி அச்சுக்குப் போகிறது. எல்லாருக்கும் நன்றி. எனக்குத் தூக்கம் வருகிறது.


அனுப்புநர்: பரமக்குடி புலவர் ஐயா

என் மாற்றுக்கருத்து பதிவில் இருக்கட்டும். ஆளி என்னும் ஈற்றை அறிவாளி, உழைப்பாளி என ஏற்கிறோம், ஆகவே கூட்டாளி பிழை அன்று. அழகு அன்று, அவ்வளவே. இரண்டாம் பதிப்பு வரும்போது பாங்கரை நினைவூட்டுவேன்.


அனுப்புநர்: பாம்பன் டீச்சர்
புதன், காலை 7 மணி

அச்சுக்குக் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லை என்றால் ஒரு நிமிடம் பொறுங்கள். மெய்ப்பை நேற்று இரவு சின்னப்பாலத்துக்கு எடுத்துப் போய் வாசித்துக் காட்டினேன். கூட்டாளியில் யாருக்கும் தடுமாற்றம் இல்லை. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும் என்பதும் புரிந்தது. காற்றழுத்தத்தைப் 'பார்' என்ற அளவில் சொல்லும் ஆறாம் பக்கத்தில்தான் நின்றுவிட்டார்கள். இங்கே பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. 'சிலிண்டரில் 200 பார் இருக்கும்போது இறங்கவும், 50 பார் மிச்சம் இருக்கும்போதே கூட்டாளியோடு மேலே வந்து சேரவும்.'

மூத்த அக்கா கேட்டார்: 'டீச்சர், இந்தப் பக்கம் கடலுக்கு அடியிலே எல்லாப் பாரும் எனக்குத் தெரியும். எண்ணினாலும் இருநூறு பார் வராதே. இதுல எந்தப் பாருல இறங்கச் சொல்றாங்க?'