நிழல் சரிவுக்கு லைக்கோபோடியம்: பெயர்த்து நடலாமா?

முருகன், வண்டிப்பெரியாறு:
வீட்டுக்குப் பின்னால் பலாவும் சில்வர் ஓக்கும் அடர்ந்த சரிவு இருக்கிறது. வெயில் விழாததால் புல் பிடிப்பதில்லை. ஆடி மழைக்கு மேல்மண் கரைந்து வாசல் வரை வந்துவிடுகிறது. குமுளி ரோட்டோரம் வெட்டிவிட்ட செம்மண் சுவர்களில், குட்டிச் சவுக்கு மரங்களை நட்டு வைத்த மாதிரி லைக்கோபோடியம் என்கிற பூக்காத செடி படர்ந்திருக்கிறது. அதைப் பெயர்த்து வந்து பதிக்கலாம் என்றிருக்கிறேன். நம்ம மலைச் செடிதானே. அமெரிக்காவில் மரத்தடி நிழலுக்கு இதே குடும்பச் செடியைச் சிபாரிசு செய்கிறார்கள். யாராவது நட்டிருக்கிறீர்களா?

செல்வி, தேவிகுளம்:
வேண்டாம் தம்பி. அமெரிக்கர்கள் சொல்வது ஹுபெர்சியா லூசிடுலா போன்ற காட்டுத்தரைச் செடிகளை. அது நிழலில் வாழ்கிற செடி. தண்டின் மேல்பகுதியில் சின்னச் சின்ன மொக்குகள் உண்டாகி, கீழே விழுந்து புதுச் செடியாகும். நீங்கள் பார்த்த ரோட்டோரச் செடி லைக்கோபோடியெல்லா செர்னுவா. அதற்குத் திறந்த வெளிச்சமும் புளிப்பான செம்மண்ணும் கசிகிற ஈரமும் வேண்டும். பலா நிழலில் அது நிற்காது.

ஒரு கொடியை இழுத்துப் பார்த்தால் புரியும். தண்டு வில்லாக வளைந்து போய், மண்ணைத் தொடுகிற இடத்தில் மட்டும்தான் வேர் விடும். ஒரு முழம் கொடிக்கு நாலைந்து இடத்தில் வேர் இருந்தால் அதிகம். அந்த வேரும் மண்ணில் உள்ள பூஞ்சையோடு கூட்டு வைத்திருக்கிறது. பெயர்த்து நட்டாலும் பல வாரம் பச்சையாகவே இருக்கும், பிடித்துவிட்டது என்று நினைப்போம். அப்புறம் நுனியிலிருந்து பழுத்துக் காயும். மூணாறு பக்கம் தோட்டம் போடுகிற பலர் இப்படி மூட்டை மூட்டையாகக் கொண்டு போய் வீணாக்குவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

பாண்டியன், போடிமெட்டு:
செல்விம்மா சொல்வது காட்டுக்குள் இருக்கிற செடிக்குச் சரி. ரோட்டோரச் செடிக்கு எப்படிப் பொருந்தும்? மூணாறு கேப் ரோட்டை அகலப்படுத்தினபோது பொக்லைன் வழித்துத் தள்ளினதில் எவ்வளவு போயிருக்கும்! வருஷா வருஷம் ஓடை வெட்டுகிறவர்களும் சுரண்டித்தான் போடுகிறார்கள். எப்படியும் மண்ணுக்குள் புதையப் போகிற செடியை நாலு பேர் வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன நஷ்டம்? பத்தில் ஒன்று பிழைத்தாலும் லாபம்தானே.

செல்வி, தேவிகுளம்:
பாண்டியன் அண்ணே, சுரண்டின இடத்தில் திரும்ப முதலில் வருகிறதும் இதே செடிதான். வெட்டின மண்சுவரில் காற்றில் வரும் வித்துத்தூள் (ஸ்போர்) விழுந்து தானே முளைக்கும். மிச்சம் நிற்கிற செடிகள் தலைகவிழ்ந்த கதிர்களிலிருந்து தூளைக் கொட்டினால்தான் அது நடக்கும். பொக்லைன் வராத இடத்திலும் 'எப்படியும் போகப் போவதுதானே' என்று ஆள் கை வைத்தால் தூள் எங்கிருந்து வரும்? மேல்மலையில் இருக்கிற லைக்கோபோடியம் கிளாவேட்டத்தின் கதை இன்னும் மோசம். அதன் வித்து முளைத்து, மண்ணுக்கடியில் பூஞ்சையை நம்பி வருஷக்கணக்கில் கிடந்த பிறகுதான் செடி வெளியே தலைகாட்டும். பிடுங்குவதற்கு ஒரு நிமிஷம் போதும்.

அதோடு, நம்ம ரோடுகளில் பாதி ரிசர்வ் காட்டுக்குள் போகிறது. 1961 கேரள வனச் சட்டப்படி அங்கே அனுமதியில்லாமல் செடி எடுப்பது குற்றம். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் 1972 வனவிலங்குச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

ஷாஜகான், செங்கோட்டை:
இவ்வளவு சிரமம் எதற்கு? நர்சரியில் நீலமாக மின்னுகிற செலாஜினெல்லா தொட்டியில் கிடைக்கிறது. நிழலில் நன்றாகப் படரும். வாங்கி வையுங்கள்.

செல்வி, தேவிகுளம்:
அது செலாஜினெல்லா உன்சினேட்டா, சீனச் செடி. ஆப்பிரிக்காவின் செலாஜினெல்லா கிராஸியானாவும் விற்பனைக்கு வருகிறது. நியூசிலாந்தில் கிராஸியானா காட்டுத்தரையை மூடி நாட்டுச் செடிகளை முளைக்கவிடாமல் செய்கிறது. சோலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிற நாம் அந்த இரண்டையும் தொட வேண்டாம்.

ஆனால் செலாஜினெல்லா என்ற யோசனை சரியானதுதான். இது லைக்கோபோடியத்தின் ஒன்றுவிட்ட சொந்தம். மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாகவே இருக்கிற டெலிகேட்டுலா, இனீக்வலிஃபோலியா என்ற இரண்டு செலாஜினெல்லாக்களும் ஏலக்காட்டு ஓடைக்கரையிலும் கல்லுக்கட்டு இடுக்கிலும் தானாக வளரும். முருகன் தம்பி, உங்கள் நிலத்திலேயே இருக்கும், தேடிப் பாருங்கள். ஒரு தண்டைப் புரட்டினால் கிளை பிரிகிற இடத்திலிருந்து நூல் மாதிரி ஒரு கால் கீழே இறங்கியிருக்கும். மண்ணைத் தொட்டதும் அதன் நுனியில் வேர் பிரியும். அந்தக் கால் உள்ள துண்டாகப் பார்த்து நறுக்கி, இலைமக்கின் மேல் படுக்க வைத்து, லேசாக மண் தூவி அழுத்தினால் போதும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கினதும் வைத்தால் மழையே பார்த்துக்கொள்ளும். மாசி பங்குனியில் மட்டும் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

பாண்டியன், போடிமெட்டு:
இதை வைப்பவர்கள் ஏலச்செடித் தூரை ஒட்டி மட்டும் விட்டுவிடாதீர்கள். மழைக்காலத்தில் தூரில் ஈரம் தேங்கினால் அழுகல் வரும். அதனால்தான் மழைக்கு முன்னால் சருகையும் காய்ந்த தட்டையையும் எடுத்துத் தூரைச் சுத்தமாக வைக்கிறோம். பாதையோரம், ஓடைக்கரை, மரத்தடி என்றால் சரி. அங்கேயும் ரத்தம் குடிக்கிற அட்டை அதிகமாகும், உப்பு கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொக்லைன் நிற்கிற இடத்தில், வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு எடுப்பது தப்பில்லை என்ற என் எண்ணம் மாறவில்லை. எடுத்ததைக் கொண்டுபோக வேண்டியது வீட்டுக்கு இல்லை, திருவனந்தபுரம் மாவட்டத்தின் பாலோடு என்ற ஊரில் இருக்கிற தாவரவியல் தோட்டம் மாதிரி வளர்க்கத் தெரிந்த இடத்துக்கு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

செல்வி, தேவிகுளம்:
அனுமதியோடு, தெரிந்தவர்கள் கையில் என்றால் எனக்கும் சம்மதம் அண்ணே. தோட்ட அலங்காரத்துக்கு என்றால் இல்லை.

முருகன், வண்டிப்பெரியாறு:
நன்றி அக்கா, அண்ணா. கிணற்றடிக் கல்லுக்கட்டில் டெலிகேட்டுலா இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். அடியில் அந்த நூல் கால்களும் தெரிகின்றன. சரிவில் குறுக்காகக் கல் அடுக்கி, மேல்பக்கம் மக்குப் போட்டு அதையே பதிக்கிறேன். வெயில் படுகிற கீழ்க்கரையில் செம்மண்ணை வெறுமனே விட்டுவைத்தால் செர்னுவா தானாக வருமா?

செல்வி, தேவிகுளம்:
கசிவு இருந்தால் வர வாய்ப்பு உண்டு. அந்தக் கரையில் சுண்ணாம்பும் உரமும் மட்டும் போட்டுவிடாதீர்கள்.